ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஓவியம்: மதுரைப் பக்கம் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகள்

ஒத்தக்கடைப் பக்கம் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன், சனி ஞாயிறில் வீட்டுக்கும் சில பிள்ளைகள் வருவார்கள். பள்ளி வாசலிலும் பெற்றோர் கூட்டத்திலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அஞ்சாவது வரை சுவர் தரை என்று பாக்காமல் வரைந்துகொண்டிருந்தவன், ஏழாவது வந்ததும் பென்சிலைத் தொடவே மாட்டேன் என்கிறான். ஆர்வம் போய்விட்டதா?

போகவில்லை. இந்த வயதில் பிள்ளையின் கண் வேகமாக வளர்ந்துவிடுகிறது, கை அந்த வேகத்துக்கு வருவதில்லை. எட்டு வயதில் அவன் வரைந்த மாட்டுக்கு நாலு காலும் ஒரே பக்கம் இருந்தாலும் அவனுக்கு அது மாடுதான். பன்னிரண்டு வயதில் அதே மாட்டைப் பார்த்தால் எங்கோ தப்பு இருக்கிறது என்று அவனுக்கே தெரிகிறது, ஆனால் எங்கே தப்பு, எப்படிச் சரி செய்வது என்று தெரியவில்லை. அதனால்தான் "எனக்கு வராது சார்" என்று நோட்டை மூடிவிடுகிறான். விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக் கல்வியாளர் 1947லேயே இந்த வயதுப் பிள்ளைகள் தங்கள் படங்களைத் தாங்களே குறை சொல்ல ஆரம்பிப்பதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார், ஆக இது உங்கள் வீட்டில் மட்டும் நடக்கும் விஷயமில்லை.

இந்த நேரத்தில் "சூப்பர்டா கண்ணு" என்று சொல்வது உதவாது. சூப்பர் இல்லை என்று அவனுக்கே தெரியும், நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் நினைப்பான். இப்போது அவனுக்கு வேண்டியது வழிமுறை. வீட்டில் இருக்கும் சொம்பை எடுத்து அவன் கண் மட்டத்தில் பிடியுங்கள், வாய் ஒரு கோடாகத் தெரியும். மெல்லக் கீழே இறக்குங்கள், அந்தக் கோடு நீள்வட்டமாகத் திறக்கும், இன்னும் இறக்கினால் இன்னும் அகலமாகத் திறக்கும். எல்லாப் பிள்ளைகளும் சொம்பின் வாயை முழு வட்டமாகவும் அடியை நேர்கோடாகவும் வரைவார்கள். வாய் திறந்து தெரியும்போது அடியும் வளைந்துதான் தெரியும் என்று ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால் அன்றைக்கே சொம்பு நோட்டில் உருண்டையாக உட்கார்ந்துவிடும். அந்தச் சந்தோஷத்தில் அடுத்து வாளியை எடுத்து வருவான், நீங்கள் சொல்லவே வேண்டியதில்லை.

திறமை இல்லாத பிள்ளைக்கும் வருமா?

வரும். நடுநிலைப் பள்ளியில் சொல்லிக்கொடுக்க வேண்டியது பார்ப்பதை. கண் தெரிகிற, உட்கார்ந்து பத்து நிமிடம் ஒரு பொருளைப் பார்க்க முடிகிற எந்தப் பிள்ளைக்கும் அது வரும்.

"ஒரு இயற்கைக் காட்சி வரை" என்றால் எல்லாரும் ஒரே படத்தை வரைகிறார்களே, ஏன்?

ரெண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், அங்கிருந்து வளைந்து வரும் ஆறு, ஓரத்தில் ஒரு குடிசை, ஒரு தென்னை மரம், மேலே நாலு பறவை. தமிழ்நாட்டில் எந்தப் பள்ளிக்குப் போனாலும் இந்தப் படம் கிடைக்கும். எனக்கு இதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் எங்கள் பிள்ளைகள் மைதானத்தில் நின்று தலையைத் திருப்பினால் யானைமலை நிற்கிறது. மேலூர் ரோட்டில் போகிற எல்லாரும் பார்க்கிற மலை, தும்பிக்கையை நீட்டிப் படுத்திருக்கும் யானை மாதிரியே இருக்கும் ஒற்றைப் பாறை. அதைத் தினமும் பார்த்துவிட்டு நோட்டில் எப்போதோ யாரோ காட்டிக்கொடுத்த முக்கோணத்தைப் போடுகிறார்கள். பார்த்து வரையலாம் என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான் காரணம்.

நான் செய்வது இது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு செவ்வக ஓட்டை வெட்டி ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுவேன். அதன் வழியாக ஒரு கண்ணை மூடிக்கொண்டு மலையைப் பார்க்க வேண்டும், அஞ்சு நிமிடம் பென்சிலைத் தொடக் கூடாது. அப்புறம் மலையை வரையாதே, வானத்தை வரை என்பேன். வானத்தின் கீழ் ஓரம் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எங்கே சட்டென்று விழுகிறது என்று மட்டும் பார்த்துக் கோடு போட்டால், கோட்டுக்குக் கீழே மலை தானாக வந்து நிற்கும். மலை என்று நினைத்தவுடன் கை முக்கோணத்துக்குப் போய்விடுகிறது, வானத்துக்கு மனசில் ரெடிமேட் வடிவம் இல்லாததால் கண் வேலை செய்கிறது.

நிறத்துக்கும் இதே கதைதான். மலைக்குப் பச்சையா பிரவுனா என்று கேட்பார்கள், நான் சொல்ல மாட்டேன், வெளியே கூட்டிப்போய் நிறுத்திவிடுவேன். காலை வெயிலில் யானைமலை கொஞ்சம் ரோஸ் கலந்த சாம்பல், மழை பெய்த மறுநாள் பாறையில் தண்ணீர் வழிந்த இடமெல்லாம் கறுப்புக் கோடுகள், மேலூர்ப் பக்கம் தூரத்திலிருந்து பார்த்தால் மொத்தமும் நீலம். ஒரே மலையை வருஷத்தில் மூணு தடவை வரையச் சொல்லி மூணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பிள்ளைகளே பேச ஆரம்பித்துவிடுவார்கள். உங்கள் ஊரில் யானைமலை தெரியாவிட்டால் நாகமலை தெரியும், அதுவும் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு மொட்டை மாடியும் தண்ணீர்த் தொட்டியும் தெரியும். அதுவும் காட்சிதான்.

நான் ஆசிரியர். 45 பிள்ளைகள், 40 நிமிட பீரியட். என்னதான் செய்ய முடியும்?

கரும்பலகையில் ஒரு படம் போட்டு அதைப் பார்த்து வரையச் சொல்வது சுலபம், வகுப்பும் அமைதியாக இருக்கும், ஆனால் 45 பேரும் உங்கள் கோட்டைத்தான் கற்றுக்கொள்வார்கள். அதற்குப் பதில் பெஞ்சுக்கு ஒரு பொருள் வையுங்கள். தூக்குவாளி, பூட்டு சாவி, முருங்கைக்காய், குடை, எது கிடைத்தாலும் சரி. என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விட நல்ல பொருள் வகுப்பு வாசலில் கிடக்கும் செருப்பு. காசு செலவில்லை, ஆளுக்கு ஒரு ஜோடி இருக்கிறது, சொந்தப் பொருள் என்பதால் அக்கறையாகப் பார்ப்பார்கள். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் ரப்பர் செருப்பை வரைந்தபோது, குதிகால் பக்கம் ஒரு ஓரமாக மட்டும் தேய்ந்து அடி நீலம் தெரிந்ததையும், வார் அறுந்த இடத்தில் குத்தியிருந்த ஊக்கையும், கட்டைவிரல் பதிந்து பதிந்து விழுந்த பள்ளத்தையும் வரைந்திருந்தான். பெயர் எழுதாவிட்டாலும் வகுப்பில் எல்லாருக்கும் அது யார் செருப்பு என்று தெரிந்தது.

நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் அஞ்சு நிமிடம் பொருளைப் பார்ப்பது மட்டும். அடுத்த அஞ்சு நிமிடம் தாளைப் பார்க்காமல், தாளிலிருந்து பேனாவைத் தூக்காமல், கண் போகும் ஓரத்திலேயே கையும் போக வேண்டும். படம் கோணல்மாணலாக வரும், வகுப்பே சிரிக்கும், சிரிக்கட்டும், எல்லாருடையதும் கோணல் என்றால் யாருக்கும் வெட்கம் இருக்காது. அதன் பிறகு இருபது நிமிடம் ஒழுங்காக வரைவது. கடைசியில் ஒரு கயிறு கட்டித் துணி கிளிப்பில் எல்லாப் படத்தையும் தொங்கவிட்டு, எது நல்ல படம் என்று கேட்காமல், எந்தப் படத்தில் நீ கவனிக்காத ஒன்றை இன்னொருவர் கவனித்திருக்கிறார் என்று கேளுங்கள்.

அழிரப்பரைப் பீரியட் ஆரம்பத்திலேயே ஒரு டப்பாவில் வாங்கி வைத்துவிடுங்கள். அழித்து அழித்தே நேரம் போய்விடும், தாளும் கிழிந்துவிடும். தப்பான கோட்டை அப்படியே விட்டுப் பக்கத்தில் சரியான கோட்டைப் போடச் சொன்னால், எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறோம் என்று பிள்ளைக்கே தெரியும்.

என்னென்ன வாங்க வேண்டும்? நிறைய செலவாகுமா?

ஆகாது. 48 கலர் ஸ்கெட்ச் பேனா செட் வாங்காதீர்கள், அதில் நிறம் கலக்க முடியாது. 2பி, 6பி பென்சில் ஒவ்வொன்று, ஏ4 தாள் ஒரு கட்டு, கொஞ்சம் பழுப்புத் தாள், ரவுண்டு பிரஷ் ரெண்டு. போஸ்டர் கலரில் அஞ்சு பாட்டில் மட்டும் தனியாகக் கேட்டு வாங்குங்கள்: லெமன் மஞ்சள், கிரிம்சன், அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), வெள்ளை. மாசி வீதிகளைச் சுற்றியிருக்கும் ஸ்டேஷனரி கடைகளில் தனித்தனியாகவே கிடைக்கும். சிவப்புக்கு ஏன் கிரிம்சன் என்றால், ஆரஞ்சு சாயல் உள்ள சிவப்போடு நீலம் சேர்ந்தால் சேற்று நிறம்தான் வரும். கிரிம்சனோடு சேர்த்தால் கத்தரிப்பூ நிறம் சுத்தமாக வரும். பிள்ளைகள் "ஊதா வர மாட்டேங்குது" என்று சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கரிக்குச்சி வீட்டிலேயே செய்யலாம். துணியில் படம் வரையும் கலம்காரி ஓவியர்கள் முதல் கோடு போடப் புளியங்குச்சிக் கரியைத்தான் பயன்படுத்துவார்கள். பென்சில் தடிமனுள்ள காய்ந்த புளியங்குச்சிகளைப் பட்டை உரித்து, மூடியுள்ள தகர டப்பாவில் நெருக்கி அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரு சின்ன ஓட்டை போட்டு அடுப்பு நெருப்பில் வையுங்கள். ஓட்டை வழியாக வரும் புகை நின்றதும் எடுத்து முழுசாக ஆறவிடுங்கள், சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுக் கரி சாம்பலாகிவிடும். இது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை, பிள்ளைகள் தள்ளி நின்று பார்க்கட்டும்.

நிறமும் செய்யலாம். காவிக்கட்டியைப் பொடித்து, ராத்திரி ஊறவைத்து வடிகட்டிய வேலம்பிசின் தண்ணீரில் குழைத்தால் நல்ல செம்பழுப்பு. மஞ்சள் தூளையும் அதே மாதிரி குழைத்து, ரெண்டையும் ஒரே தாளில் பட்டையாகத் தீட்டி, பாதித் தாளை அட்டையால் மூடி வெயில் விழும் ஜன்னலில் சில வாரம் விட்டு வையுங்கள். மஞ்சள் வெளுத்துப் போயிருக்கும், காவி அப்படியே இருக்கும், ஏனென்றால் காவி இரும்பு ஆக்சைடு, வெயில் அதை ஒன்றும் செய்யாது. கோவில் மதிலில் பட்டை அடிக்கக் காவியையும் சுண்ணாம்பையும் ஏன் எடுத்தார்கள் என்று அப்போது பிள்ளைகளுக்குப் புரியும். மஞ்சளில் கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டால் குங்குமச் சிவப்பாக மாறும், எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சள். அறிவியல் ஆசிரியரையும் அன்றைக்கு வகுப்புக்குக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மனிதர்களை வரைந்தால் "ஸ்கின் கலர்" என்று ரோஸ் நிறத்தை அடிக்கிறார்கள். திருத்தலாமா?

கண்டிப்பாகத் திருத்துங்கள், ஆனால் திட்டாமல். கிரேயான் பெட்டியில் இளம் ரோஸ் குச்சியை எடுத்து இதுதான் உடம்பு நிறம் என்று சின்ன வயதிலேயே பழக்கிவிட்டோம். அமெரிக்காவில் கிரேயோலா கம்பெனி அந்த நிறத்துக்கு வைத்திருந்த 'சதை' என்ற பெயரை 1962லேயே 'பீச்' என்று மாற்றிவிட்டது, நம் வகுப்பறைகளில் மட்டும் அந்தப் பேச்சு இன்னும் நடக்கிறது. அந்த வகுப்பில் அந்த நிறத்தில் ஒரு பிள்ளையும் இருக்காது.

ஒரு பீரியடை இதற்கென்றே ஒதுக்குங்கள். பர்ன்ட் சியன்னாவில் ஆரம்பித்து, கொஞ்சம் மஞ்சள், துளி நீலம், தேவைப்பட்டால் வெள்ளை. தன் முன்கையில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து, நிறம் தோலோடு கலந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை கலக்க வேண்டும். கறுப்பு பாட்டில் வேண்டாம், கறுப்பைக் கலந்தால் தோல் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும், நீலத்தால் ஆழப்படுத்தினால் கருந்தோல் உயிரோடு இருக்கும். உள்ளங்கைக்கு ஒரு நிறம், புறங்கைக்கு ஒரு நிறம், முட்டிக்கு இன்னொன்று என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். அதன் பிறகு அம்மாவை வரை, ஆயாவை வரை என்றால் ரோஸ் குச்சியை யாரும் தேட மாட்டார்கள். இந்த ஒரு பாடத்தை நடத்தாமல் எந்த வருஷத்தையும் விடக் கூடாது என்பது என் கருத்து.

கோலத்தை ஓவியத்தில் சேர்க்கலாமா? வீட்டில் அம்மாச்சி நன்றாகப் போடுவார்கள்.

சேர்க்கலாமா என்ன, அதுதான் வீட்டிலேயே இருக்கும் பள்ளிக்கூடம். அழிரப்பர் இல்லாமல், தோளிலிருந்து கையை வீசி, ஒரே மூச்சில் கோடு இழுக்கும் பயிற்சி வேறு எதில் இருக்கிறது? அஞ்சு புள்ளி அஞ்சு வரிசை சிக்குக் கோலத்தை அம்மாச்சி போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, கோடு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது, ஒரே கோடா ரெண்டு கோடா என்று விரலால் தொடரச் சொல்லுங்கள். அப்புறம் தாளில் புள்ளி வைத்து ஒரே ஒரு வளைவை மட்டும் மாற்றச் சொல்லுங்கள், மொத்தக் கோலமும் என்னவாகிறது என்று பார்க்கட்டும். 1970களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் வேலை செய்தவர்களும் கோலங்களைக் கணினியியல் கண்ணோட்டத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள், அவ்வளவு சரக்கு அதில் இருக்கிறது. பையன்களையும் உட்கார வையுங்கள். வகுப்பில் போடச் சொன்னால் முதல் நாள் கூச்சப்படுவார்கள், அடுத்த வாரம் போட்டி போடுவார்கள்.

மதுரையில் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போய் வரையவைக்கலாம்?

முதலில் திருமலை நாயக்கர் மகால். 1636இல் கட்டியது, அந்தத் தூண்களுக்கு நடுவில் உட்கார்ந்தால் தூரம் போகப் போகத் தூண் சிறிதாவதையும் இடைவெளி நெருங்குவதையும் ஸ்கேல் இல்லாமலே கண்ணால் படிக்கலாம். பக்கத்தில் உள்ள தூண் கை நீட்டிப் பிடித்த பென்சிலில் எவ்வளவு, கடைசித் தூண் எவ்வளவு என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள், நம்பவே மாட்டார்கள். வளைவுகளில் உள்ள சுதை வேலைப்பாட்டில் ஆளுக்கு ஒரு சின்னத் துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும், மொத்த மகாலையும் வரைய நினைத்தால் சோர்ந்துவிடுவார்கள்.

கீழக்குயில்குடி சமணர் மலைக்குச் சாய்வெயில் நேரத்தில் போங்கள். பாறையில் லேசாகப் புடைத்துச் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்கள் உச்சிவெயிலில் தட்டையாகத் தெரியும், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது மூக்கும் காதும் தோளும் எழும்பி நிற்கும். நிழல்தான் உருவத்தைக் காட்டுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் இடம் எனக்குத் தெரியவில்லை. படியேற்றம் இருப்பதால் தண்ணீரும் கூட ஒரு பெரியவரும் அவசியம்.

கீழடி அருங்காட்சியகம் 2023இல் திறந்தது. அங்கே கறுப்பு சிவப்புப் பானைகளைப் பார்த்துவிட்டு வந்து, உடைந்த ஒரு பானைத் துண்டை மட்டும் வைத்து முழுப் பானையை யூகித்து வரையச் சொல்வேன். வாய்விளிம்பின் வளைவைப் பார்த்துப் பானை எவ்வளவு அகலம் என்று தொல்லியல்காரர்கள் கணிப்பார்கள், ஒரு பாதியில் வெளித்தோற்றம், மறுபாதியில் வெட்டுமுகம் என்று வரைவார்கள். அதே முறையில் வீட்டுப் பூந்தொட்டியை வரையச் சொன்னால் அருமையான வீட்டுப்பாடம்.

மீனாட்சி அம்மன் கோவிலில் செல்போனுக்கு அனுமதி கிடையாது, அது ஒரு வகையில் நல்லதே, கண்ணால்தான் பார்த்தாக வேண்டும். உட்கார்ந்து வரைய வேண்டும் என்றால் முன்கூட்டியே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விளாச்சேரியில் கொலு பொம்மை, விநாயகர் செய்யும் வீடுகளுக்கும் கேட்டுவிட்டுப் போகலாம், நவராத்திரி நெருக்கத்தில் போகாதீர்கள், அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும்.

எப்போது பார்த்தாலும் போனில் அனிமே படத்தைப் பார்த்து வரைகிறாள். தடுக்க வேண்டுமா?

வேண்டாம். இந்த வயதில் வரைவதை நிறுத்தாமல் இருப்பதே பெரிய விஷயம். பார்த்து வரைந்து வரைந்துதான் கோடு உறுதிப்படும். அதற்கு மேல் ஒரு படி ஏற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பாத்திரத்தைப் பின்பக்கத்திலிருந்து வரை, மாட்டுத்தாவணியில் பையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பது போல வரை, ஜிகர்தண்டா குடிப்பது போல வரை என்று சொல்லிப் பாருங்கள். போனில் அந்தப் படம் கிடைக்காது. கண்ணாடி முன்னால் தானே நின்று கை எப்படி மடங்குகிறது என்று பார்த்துத்தான் தீர வேண்டும்.

கலைத் திருவிழாவுக்குத் தயார் செய்வது எப்படி?

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது, நல்ல வாய்ப்பு, பிள்ளைகள் மேடை ஏறட்டும். ஆனால் ஒரே படத்தை மாதக்கணக்கில் மனப்பாடம் செய்யவைத்து அனுப்பாதீர்கள். சுற்றுச்சூழல் என்றால் அழுகிற பூமி உருண்டை, மரம் என்றால் ரெண்டு கைக்கு நடுவில் ஒரு செடி என்றே வரும். நெகிழி பற்றி வரையச் சொன்னால் பிள்ளை தன் தெரு வாய்க்காலில் என்ன கிடக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். பெற்றோர் வரைந்து கொடுப்பது கூடவே கூடாது.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

அழகுக்குப் போடாதீர்கள். ஜூன் மாதம் வரைந்த செருப்பையும் பிப்ரவரியில் வரைந்த செருப்பையும் பக்கத்தில் வைத்து, பார்வை எவ்வளவு கூர்மையாகியிருக்கிறது என்பதற்குப் போடுங்கள். அதற்காகவே ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தேதி எழுதவையுங்கள்.

எனக்கே வரையத் தெரியாது, வீட்டில் எப்படி உதவுவது?

தெரியாமல் இருப்பது நல்லதுதான், பென்சிலைப் பிடுங்கித் திருத்த மாட்டீர்கள். பிள்ளையின் தாளில் உங்கள் கோடு விழக் கூடாது, காட்டியே ஆக வேண்டும் என்றால் வேறு தாளில் காட்டுங்கள். "இது என்ன?" என்று கேட்காதீர்கள், "இந்த இடத்தில் என்ன பார்த்தே?" என்று கேளுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம், வாரத்தில் ரெண்டு மூணு நாள், டிவி அணைந்திருந்தால் போதும். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து அதே வெங்காயத்தை வரையுங்கள். உங்களுடையது மோசமாக வந்தால் பிள்ளைக்குத் தைரியம் வரும்.

நம் ஊர் ஓவியர்கள் யாரைக் காட்டலாம்?

மனோகர் தேவதாஸ். மதுரையில் 1936இல் பிறந்து, சேதுபதி பள்ளியிலும் அமெரிக்கன் கல்லூரியிலும் படித்தவர், 2020இல் பத்மஸ்ரீ பெற்றார், 2022இல் மறைந்தார். மதுரைத் தெருக்கள், கோபுரங்கள், வைகைக் கரை என்று பேனா மையில் இழை இழையாக வரைந்திருக்கிறார். விழித்திரை நோயால் பார்வை சிறுகச் சிறுகப் போய்க்கொண்டிருந்தபோதும் வரைந்தார். அவர் படத்தின் ஒரு மூலையைப் பிள்ளைகளிடம் கொடுத்து, எத்தனை விதமான கோடுகள் இருக்கின்றன, நிழலை எதை வைத்துக் காட்டியிருக்கிறார் என்று தேடச் சொல்லுங்கள். டிராட்ஸ்கி மருதுவும் மதுரைக்காரர்தான், வேகமான கோட்டுக்கு அவர் படங்கள் நல்ல பாடம்.

பின்னாளில் இதையே படிக்க முடியுமா?

முடியும். சென்னையில் 1850இல் தொடங்கிய அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது, கும்பகோணத்தில் ஒன்று இருக்கிறது, பிளஸ் டூவுக்குப் பிறகு நாலு வருடப் பட்டப்படிப்பு. ஏழாவது படிக்கும்போது அதை முடிவு செய்ய வேண்டியதில்லை. டாக்டரானாலும் தச்சரானாலும் கண் கூர்மையாக இருப்பது நல்லதுதானே.

என் மகன் இலைக்குப் பிரவுனும் மரத்துக்குப் பச்சையும் அடிக்கிறான். விளையாட்டா?

விளையாட்டாக இருக்கலாம், நிறக் குருடாகவும் இருக்கலாம். சிவப்பு பச்சை வித்தியாசம் சரியாகத் தெரியாத குறை ஆண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம், பல பேருக்கு ஓவிய வகுப்பில்தான் அது முதலில் வெளியே தெரிகிறது. வகுப்பில் வைத்துக் கேட்காதீர்கள், தனியாகக் கூப்பிட்டு, பெற்றோரிடம் சொல்லி ஒரு கண் மருத்துவரிடம் அனுப்புங்கள், புள்ளிகளுக்குள் எண் தெரிகிறதா என்று பார்க்கும் சோதனை சில நிமிட வேலை. குறை இருந்தால் அவனுடைய கலர் பாட்டில்களில் நிறத்தின் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள், கரிக்குச்சியும் பேனா மையும் கூடுதலாகக் கொடுங்கள்.